ராணுவம் வேண்டாமென்ற துப்பாக்கி

எங்கள் அரசு ஆயுத ஆபீஸில் நாங்கள் வடிவமைத்த துப்பாக்கியை ராணுவம் வேண்டாமென்று சொல்லிவிட்ட செய்தி டிவியில் ஓடியபோது நான் லீவில், மரக்காணத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். வெளிநாட்டுத் துப்பாக்கி வாங்கப் போகிறார்களாம். ராணுவத்தில் இருக்கும் என் தம்பியும் அப்போது வந்திருந்தான். சாப்பிட்டுக்கொண்டே சிரித்தான்.

"இன்னாடா சிரிப்பு?"

"கோச்சுக்காதக்கா. டிரையல்ல நானும் சுட்டேன். நல்லவேளை, அத எங்க தலைல கட்டல."

அதில் குண்டுகளை அடுக்கிச் செருகும் மேகசின் நான் வரைந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"டிவிக்காரன் பேசினா போவட்டும். சுட்டவன் நீ. இன்னா கொறன்னு காட்டு, வா."

"இப்பவா?"

"இப்பவேதான்."

வீட்டுக்குப் பின்னால் உப்பளம். தம்பி வரப்பில் கிடந்த கழி ஒன்றை எடுத்துத் துப்பாக்கிபோலப் பிடித்துக் குப்புறப் படுத்தான்.

"உன் மேகசின் நீளம். படுத்தா மண்ல இடிக்குது. அதனால தலையத் தூக்கித்தான் குறி பாக்கணும். தூக்கினா எதிர்ல இருக்கிறவன் சும்மா உடுவானா?"

"அத்தன குண்டு வேணும்னு கேட்டது உங்க ஆளுங்கதாண்டா!"

"கேட்டாங்க. அதுக்கு இவ்ளோ நேரா நீட்டணுமா? வளைச்சுக் குடேன்."

நானும் புடவையோடு அவன் பக்கத்தில் படுத்து, தரைக்கும் கண்ணுக்கும் உள்ள உயரத்தைச் சாணால் அளந்தேன். உப்பு சுமந்து வந்த பெண்கள் கூடையை இறக்கிவிட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இன்னொரு தடவை அளந்தேன்.

லீவு முடிந்து ஆபீஸ் போனதும், புது மேகசின் வரையப் போவதாகச் சொன்னேன். மேலதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அதான் வேணாம்னுட்டாங்களேம்மா. வேற வேலையப் பாரு."

"துப்பாக்கியத்தான் சார் வேணாம்னாங்க. நம்மள வேலை செய்ய வேணாம்னு சொல்லலையே."

முணுமுணுத்துக்கொண்டே மாதிரி ஒன்று செய்ய அனுமதித்தார். வளைந்த மேகசினோடு துப்பாக்கி மறுபடி டிரையலுக்குப் போனது. மறுபடியும் வேண்டாமென்றார்கள். இந்த முறை, எடை அதிகமாம். தம்பிக்குப் போன் செய்தேன்.

"மேகசினப் பத்தி இன்னா சொன்னாங்க?" என்று கேட்டான்.

"ஒரு வார்த்த சொல்லல."

"அப்ப அது சரியாயிடுச்சு. இனிமே இன்னாக்கா பண்ணப்போற?"

"எடையக் கொறைக்கப்போறேன். வேணாம்னு சொல்லிச் சொல்லி அவங்களே அலுத்துப்போவட்டும்."

இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறேன்.