இத்தாவும் விளக்குமாறும்

விடிந்தால் உம்மல் குல்சுமின் முதுகு பலகை. கட்டிலைவிட்டு எழவே பெரும்பாடு. வாசல் பெருக்கி, தண்ணீர் பிடித்து, நாலு துணி அலசிப் போட்டால் மெல்ல இளகும். மதியத் தொழுகைக்குள் நெற்றி தரையில் படும் அளவுக்கு வளையும். முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி, படுத்தால் இறுகும், நடமாடினால் இளகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதை முழுசாகக் காதில் வாங்கியவர் கணவர் நாகூர் மீரான் ஒருவர்தான். கோட்டைமேட்டில் பூட்டு ரிப்பேர் கடை. காலையில் மனைவி குனியத் திணறுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார்.

"ஏனுங்க, புடிச்சுத் தூக்கிவிட்டாக் கொறஞ்சா போயிருவீங்க?"

"இன்னிக்குத் தூக்குனா நாளைக்கும் தூக்கோணும். எந்திரிங்க அம்மணி."

சொந்தபந்தம் அவரைக் கல்நெஞ்சன் என்றது.

ஜூனில் மாரடைப்பில் அவர் போய்விட்டார். கணவனை இழந்தவர் வெளியே போகாமல் இருக்கும் இத்தா தொடங்கியது. நாகூர் மீரானின் தங்கை ரிஃபத் வந்து அறை ஒதுக்கினார், மெத்தை விரித்தார். சோறு கைக்கே வந்தது. விளக்குமாற்றைத் தொட விடவில்லை.

மகள் இல்மா சென்னையில் பம்பு கம்பெனி இன்ஜினியர். அத்தாவின் அடக்கம் முடிந்ததும் வேலைக்குப் போனவள், அடுத்த மாதம் வந்தபோது அம்மா நாற்காலியில் உட்கார்ந்து தொழுதுகொண்டிருந்தார். மதியத்தில். தொழுகை முடிந்ததும் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினார்.

"நெத்தி தரைக்கு எட்டறதில்ல கண்ணு."

அழ வந்தவளுக்குக் கோபம்தான் வந்தது. ரிஃபத்திடம் திரும்பினாள்.

"பெருக்கக் கூடாதுன்னு யாரு மாமி சொன்னது?"

"இத்தாவுல இருக்கறவங்க கண்ணு."

"வெளிய போகத்தான் கூடாது. ஊட்டுக்குள்ள பெருக்கக் கூடாதுன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னாரா?"

"அவரு எதுக்குச் சொல்லோணும்? வேலை வாங்குனா ஊரு என்னையத்தான் பேசும். இப்படித் தாங்கறதுக்கு யாருக்கு ஆளு கெடைக்கும்?"

தாங்கித்தான் கெடுத்தார்கள். அத்தா இத்தனை வருஷம் இறுக விடாமல் காத்த முதுகை ஒரே மாதத்தில், அதுவும் இரக்கப்பட்டே, இறுக்கிவிட்டார்கள். அவரைக் கல்நெஞ்சன் என்றதும் இதே வாய்கள்.

"இல்மா, அந்த வெளக்குமாத்தை எடு" என்றார் அம்மா.

"ஊரு என்ன சொல்லும்?" என்றார் ரிஃபத்.

"உங்கண்ணனைச் சொன்னதைவிடவா?" என்றார் அம்மா.

முதல் வாரம் அம்மாவால் கட்டிலுக்கு அடியில் பெருக்கக் குனிய முடியவில்லை. இல்மா லீவை நீட்டித்தாள். அம்மா தடுமாறும்போதெல்லாம் அவள் கை தானாக நீளும், அதை இழுத்துக் கட்டிக்கொள்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அம்மாவின் நெற்றி தரையைத் தொட்டது. தொழுகை முடிந்து எழுந்து நிற்க வெகுநேரம் பிடித்தது. ரிஃபத் பதறிப்போய் நாற்காலியை இழுத்து வந்தார்.

"அதுல நீங்க உக்காருங்க மாமி" என்றாள் இல்மா.