இரண்டாவது பொட்டலம்

வாட்ஸ்அப்பில் அழைப்பைப் போட்டுவிட்டுக் கடை ஷட்டரைத் தூக்குவதற்குள் ஆத்தூரிலிருந்து அக்காவின் போன் வந்துவிட்டது. வாழ்த்துச் சொல்லப் போகிறாள் என்று நினைத்து எடுத்தேன். வசவு!

"ஏலே, என்ன எழுதிப் போட்டிருக்க? பரிசுப் பொருள் ஒண்ணும் வேண்டாம்னா என்னலே அர்த்தம்? என் மருமவளப் பாக்க நான் கைய வீசிக்கிட்டு வரணுமோ?"

"இப்பல்லாம் எல்லாரும் இப்படித்தான்க்கா போடுதாங்க."

"போடுதவன் போட்டுட்டுப் போறான். வெறுங்கையோட உன் வீட்டுக்கு ஒருக்க வந்தாச்சு. இனிமே வரமாட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். அவசரமாகப் போனை வைத்துவிட்டாள்.

எங்கள் பக்கம் கோயிலுக்கும் பிள்ளை இருக்கிற வீட்டுக்கும் வெறுங்கையோடு போகக் கூடாது. ஒரு சீப்புப் பழமாவது வேண்டும். சாவு விழுந்து துட்டி கேட்கப் போகிற வீட்டுக்குத்தான் கையில் ஒன்றும் எடுத்துப் போகமாட்டார்கள். போன ஐப்பசியில் எங்கள் வீட்டுக்கு ஊரே அப்படித்தான் வந்து, உட்கார்ந்து, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனது. என் மூத்தவன், ஒன்பது வயசுப் பையன். மழையோடு ஒரு காய்ச்சல் வந்தது. முதல் நாள் கஷாயம், அடுத்து இங்கன ஆஸ்பத்திரி, அப்புறம் திருநெல்வேலி. நடந்து போய் காரில் ஏறியவனைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினோம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

இளையவள் பெண். அவளுக்கு ஆனி மாசம் ஏழு முடிகிறது. கொண்டாட வேண்டாம் என்றுதான் முதலில் இருந்தோம். அவளும் கேட்கவில்லை. போன வருஷம் இரண்டு மாசத்துக்கு முன்பிருந்தே கேக்கின் நிறத்தைச் சொல்லிச் சொல்லி உயிரை எடுத்தவள், இந்த வருஷம் வாயைத் திறக்கவில்லை. அவள் கேட்காமல் இருந்ததுதான் எங்களுக்குத் தாங்கவில்லை. வருஷம் திரும்பாத வீட்டில் விசேஷமா என்று ஒரு பெரிய மனுஷர் கடையில் வந்து இழுத்தார். "ஏழு வயசு, வருஷம் திரும்புத வரைக்கும் காத்துக்கிட்டு நிக்குமா?" என்று எரிந்து விழுந்தேன். மனுஷர் வாங்க வந்த ஊக்குப் பாக்கெட்டைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

பரிசு வேண்டாம் என்று போடச் சொன்னது என் மனைவி. அதுதான் அவள் வைத்த ஒரே நிபந்தனை. காரணத்தையும் அவளே சொன்னாள்.

"எல்லாரும் ஒண்ணு ஒண்ணாக் கொண்டாருவாங்க. என்னால பாக்க முடியாது."

இது விளங்க வேண்டுமானால் எங்கள் ஊர்ப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு பிள்ளை இருக்கிற வீட்டில் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால், போகிறவர்கள் அந்தப் பிள்ளைக்குப் பெரிய பொட்டலம் ஒன்றும் மற்றதற்குச் சின்னதாக ஒன்றும் கொண்டுபோவார்கள். கொடுக்காவிட்டால் அது ஏங்கிப் போய்விடும். ஏங்கின பிள்ளைக்குச் சோறு இறங்காது, காய்ச்சல் வரும் என்றெல்லாம் சொல்வார்கள். எனக்குப் பிழைப்பே இதில்தான். பழைய துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறேன். வளையல், கிளிப், பொம்மை, டிபன் பாக்ஸ். பிறந்தநாளுக்கு என்று யார் வந்து நின்றாலும், பேப்பர் சுற்றும்போது நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "வீட்டுல வேற பிள்ளைக உண்டுமா?" உண்டு என்பார்கள். ஒரு சின்னக் காரையோ சோப்புநுரை ஊதுகிற டப்பாவையோ எடுத்து மேலே வைப்பேன். வியாபாரமும் ஆச்சு, ஒரு பிள்ளை ஏங்காமல் இருந்தது என்றும் ஆச்சு.

அப்படி எங்கள் வீட்டுக்கும் எல்லாரும் வருஷா வருஷம் இரண்டு இரண்டாகக் கொண்டுவந்தவர்கள்தான். இந்த வருஷம் ஆளுக்கு ஒன்று கொண்டுவருவார்கள். வாசலில் நின்று அதை ஒவ்வொன்றாகக் கையில் வாங்க வேண்டியவள் என் மனைவி. அந்த ஒரு நாளை அவள் அழாமல் கடந்துவிட வேண்டும், பிள்ளை சிரித்துக்கொண்டு கேக் வெட்ட வேண்டும். எங்களுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. அதனால் போட்டோம்: உங்கள் வாழ்த்து போதும், பரிசு எதுவும் வேண்டாம்.

சொன்ன பேச்சைக் கேட்கிற ஊரா இது! வேண்டாம் என்று ஒருத்தன் சொன்னால், வேணும், கேட்கக் கூச்சப்படுகிறான் என்று அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள். அழைப்பு போன மறுநாளிலிருந்து தெருக்காரர்கள் என் கடைக்கே வந்து என் மகளுக்குப் பரிசு வாங்க ஆரம்பித்தார்கள். வெளியே எங்கேயாவது வாங்கித் தொலைத்தால் என்ன? அண்ணாச்சி கடை இருக்கும்போது வேறு கடையில் வாங்கினால் நான் கோபித்துக்கொள்வேனாம். "சொந்தக்காரப் பிள்ளைக்கு", "ஆபீஸ்ல ஒருத்தர் பிள்ளைக்கு" என்று முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு புளுகு. எல்லாருடைய சொந்தக்காரப் பிள்ளைக்கும் அந்த வாரத்தில்தான் ஏழு முடிந்தது. எனக்குச் சிரிப்பாகவும் வந்தது, எரிச்சலாகவும் வந்தது. நான் ஒன்றும் தெரியாதவன் போலச் சுற்றிக் கொடுத்தேன்.

அடுத்த வீட்டு டீச்சரும் வந்தார். அவர் பொய் சொல்லுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றுக்கு என்றார், நம்பிவிட்டேன். கலர் பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கடையில் அப்போது கூட்டம். கை பாட்டுக்குப் பேப்பரை மடித்தது, வாயும் அது பாட்டுக்குக் கேட்டுவிட்டது.

"வீட்டுல வேற பிள்ளைக உண்டுமா டீச்சர்? சின்னதா ஒண்ணு வச்சிருவோமா?"

நிமிர்ந்து பார்த்தேன். டீச்சரின் கண் நிறைந்து கிடந்தது.

"இல்ல அண்ணாச்சி," என்றார். "ஒரு பிள்ளதான்."

அப்போதுதான் அது எந்த வீடு என்று எனக்கு உறைத்தது. டேப் விரலில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. எப்படியோ சுற்றிக் கொடுத்து அனுப்பினேன். இதை வீட்டில் சொல்லவில்லை.

பிறந்தநாளன்று மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று தெருப்புழுதியை எல்லாம் வாரி வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டியது. ஜன்னலைச் சாத்திவிட்டு, ஃபேனை முழு வேகத்தில் வைத்து, பலூன் கட்டினோம். மகளுக்கு மஞ்சள் கவுன். மனைவி தலை வாரி, பூ வைத்து, பல மாசத்துக்குப் பிறகு கண்ணாடி முன்னால் நின்றாள். எல்லாம் நல்லபடியாகப் போகும் என்றுதான் நினைத்தேன்.

வந்தார்கள். ஒருத்தர் கைகூட வெறுங்கை இல்லை. "இது பரிசு இல்ல அண்ணாச்சி, சும்மா" என்று ஒருத்தர். "பரிசுதான வேண்டாம்னீங்க, இது தின்பண்டம்லா" என்று மக்ரூன் பெட்டியை நீட்டினார் இன்னொருவர். எதிர்வீட்டுக்காரர், பேப்பர் சுற்றினால்தானே பரிசு என்று சைக்கிள் மணி ஒன்றை அப்படியே சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மற்றதெல்லாம் என் கடை ஜிகினாப் பேப்பர். என் கையால் மடித்த மடிப்பு ஒவ்வொன்றாக என் வீட்டு வாசலுக்கே வந்துகொண்டிருந்தது. எதற்கும் துணைப் பொட்டலம் இல்லை. கொடுக்கிறவர்களும் கொடுத்த கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்கள். டீச்சர் கலர் பெட்டியைக் கொடுக்கும்போது என்னைப் பார்க்கவே இல்லை.

மனைவி சிரித்த முகமாகத்தான் வாங்கினாள். வாங்கி வாங்கி உள்ளறைக் கட்டிலில் கொண்டுபோய் வைத்தாள். ஒவ்வொரு தடவையும் திரும்பி வர முன்னைவிட நேரமானது. ஒரு தடவை போய்ப் பார்த்தேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணுமில்ல, வாரேன்," என்றாள். வந்தாள். கேக் வெட்டினோம். மகள் எல்லாருக்கும் ஊட்டினாள், போட்டோவுக்கு நின்றாள், சொல்லிக் கொடுத்தபடி தேங்க்யூ சொன்னாள். ஆனால் அந்தக் கட்டில் பக்கம் மட்டும் அவள் போகவே இல்லை. ஒரு பொட்டலத்தையாவது பிரித்துப் பார்க்க வேண்டுமே, ஏழு வயசு! நல்ல பிள்ளை, அம்மா சொன்னதைக் கேட்டு ஆசைப்படாமல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இருக்கிற புத்தி அவ்வளவுதான்.

அக்கா அப்போதும் வரவில்லை. கோபித்துக்கொண்டுவிட்டாள் என்றே முடிவு செய்திருந்தேன். ஐஸ்கிரீம் கிண்ணம் எடுக்க அடுக்களைக்குப் போனால், பின்வாசல் வழியாக வந்து தரையில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஒரு ஜவுளிக்கடைப் பை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிறாள்.

"ஏன்க்கா இங்கன வந்து இருக்க? உள்ள வா."

"புத்தி கெட்டுப் போச்சுலே தம்பி," என்றாள். "ரெண்டு எடுத்துட்டேன்."

"என்னது ரெண்டு?"

"பாப்பாக்குப் பாவாடை எடுத்தேன். எப்பவும் போல, பையனுக்கு ஒரு சட்டை காட்டுன்னு கடைக்காரன்ட்ட சொல்லிட்டேன். பத்து வயசாவுது, ஒரு சைஸ் பெருசாக் குடுன்னு வேற சொன்னேன்லே. பில்லுப் போட்டு, பஸ் ஏறி, மடில வச்சுக்கிட்டு வாரேன். பழையகாயல் தாண்டுத வரைக்கும் எனக்கு நெனப்பு இல்ல. அவன் இல்லங்கதே நெனப்பு இல்ல."

அவள் தலையில் அடித்துக்கொள்ளப் போக, நான் கையைப் பிடித்தேன். முதலில் அந்தப் பையை எங்கேயாவது ஒளிக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அரிசி டிரம்முக்குப் பின்னால் வைக்கலாம் என்று எடுத்தேன். திரும்பினால் வாசற்படியில் என் மனைவி நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"குடுங்க," என்றாள்.

"வேண்டாம்ளா. அப்புறம் பாத்துக்கலாம். வந்தவங்க இருக்காங்க."

"குடுங்கங்கேன்."

கொடுத்துவிட்டேன். பாவாடையை எடுத்து மேடையில் வைத்தாள். சட்டையை எடுத்தாள். நீலக் கட்டம் போட்ட சட்டை. கவரைப் பிரித்து, குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, உதறி விரித்தாள். ஊரே திரண்டு வந்து பார்க்கும்படி அலறப் போகிறாள் என்று பயந்து நான் கதவைச் சாத்தப் போனேன். அவள் அலறவில்லை. தோளிலிருந்து கைமுனை வரைக்கும் சாணால் அளந்தாள்.

"பெருசு இல்ல மதினி," என்றாள். "இப்ப சரியாத்தான் இருக்கும்." அதைச் சொல்லும்போது கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, அவள் துடைக்கக்கூட இல்லை. "காலைலருந்து அத்தன பேரு வந்தாங்க. ஒருத்தர் வாய்ல அவன் பேரு வரலியே மதினி. நீங்க ஒருத்திதான்."

அக்கா எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். சாத்தப் போன கதவு பாதியில் நின்றது, ஏனென்றால் என் மகள் அதற்குள் உள்ளே வந்துவிட்டாள். சட்டையைப் பார்த்தாள்.

"அண்ணனுக்கா அத்தை?"

அக்கா தலையை ஆட்டினாள்.

"எனக்கு மட்டும் எல்லாரும் கொண்டாந்தாங்க," என்றாள் மகள். "அண்ணன் ஏங்கிப் போயிருவான்லா. அதான் நான் ஒண்ணையும் தொடல."

அவளுக்கு முன்னால் அவன் பேச்சே எடுக்கக் கூடாது என்று நாங்கள் எத்தனை பாடு பட்டோம்! போட்டோவைக் கழற்றி பீரோவில் வைத்தோம், அவன் செருப்பை ஒளித்தோம், அழ வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குப் போனோம். இந்தப் பிள்ளை இத்தனை மாசமாக, யாரையும் துணைக்குக் கூப்பிடாமல், ஒற்றையாக அவனை வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறது.

மனைவி தரையில் மண்டியிட்டு, சட்டையை மகள் மேல் வைத்துப் பார்த்தாள். முழங்காலுக்கு வந்தது.

"அண்ணனுக்கு எது வரைக்கும் வரும்?" என்று கேட்டாள் அம்மா.

"அவனுக்கா?" மகள் கொஞ்சம் யோசித்தாள். "நான் வளந்துட்டேன்லா. அப்ப அவன் இன்னும் ஒசந்திருப்பான்." கால்விரலில் எக்கி நின்று, கையைத் தூக்கி, தன் தலைக்கு மேலே ஒரு இடத்தில் நிறுத்தினாள். "இவ்வளவு."

போன ஐப்பசியோடு அவன் ஒன்பது வயதிலேயே நின்றுவிட்டான் என்று வீட்டில் நினைத்திருந்தது நான் மட்டும்தான் போலிருக்கிறது. அவள் கை வலிக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் மூன்று பேரும் அந்தக் கைக்குக் கீழே இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.