பழுக்க விடாத பெட்டி

காய்கறி வாடாமல் காக்கும் பெட்டி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். மூடிக்குள் ஒரு சிறு பொட்டலம் ஒட்டியிருந்தது. அதையெல்லாம் படித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு ஏது? ராஜபாளையம் சந்தையில் வாங்கிய சப்பட்டை ரக மாங்காய்களை, பழுக்கட்டும் என்று அதற்குள் அடுக்கினேன்.

தினமும் காலையில் அமுக்கிப் பார்த்தேன். கல்லாகவே இருந்தன. பொறுமை தீர்ந்து, அவற்றை விற்ற பழக்கடை பாயிடம் போய்ச் சத்தம் போட்டேன்.

"அம்புட்டும் பிஞ்சு! ஆளப் பாத்து ஏமாத்துதீங்களா?"

"கோவப்படாதீங்க அண்ணாச்சி" என்று அவர் நன்றாக விளைந்த காய்களாகப் பொறுக்கி மாற்றிக் கொடுத்தார். ஜெயித்த மிதப்பில் வீட்டுக்கு வந்து, அவற்றையும் அதே பெட்டியில் வைத்தேன்.

அவையும் கல்லாகவே கிடக்க, கடைசியில் மனைவிதான் பொட்டலத்தைத் திருப்பிப் படித்தாள். காய்கள் பழுக்காமல் தடுக்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் ஒழுங்காக வேலை பார்த்தது பெட்டி மட்டும்தான்.

எல்லாவற்றையும் அவள் ஊறுகாய் போட்டாள். "ஒரு பாட்டில பாய்க்குக் கொண்டு போய்க் குடுங்க. எந்தக் காய்னு கேட்டா, நீங்களே வாயத் தொறந்து சொல்லுங்க."

பாட்டில் இன்னும் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. நான் பழம் வாங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறுகிறேன்.