போர்க்கப்பலும் ஐம்பது சோடிச் செருப்பும்

பலெர்மோ துறைமுகத்தில் பழைய பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றைப் புதுப்பித்து, சனம் பார்க்கவென்று கட்டிவைத்திருந்தார்கள். தொண்ணூறுகளில் அதன் தளத்தைக் கழுவும் தற்காலிக வேலை எனக்குக் கிடைத்தது. என் வதிவிட அனுமதி, அதுதான் பெர்மெஸோ, முடிய மூன்றே வாரம். நிரந்தர வேலைக் கடிதம் இல்லாமல் அதைப் புதுப்பிக்க மாட்டார்கள். கடிதம் தரவேண்டியவர் கப்பலின் பொறுப்பாளர். சரியான சிடுமூஞ்சி.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு எங்கள் தமிழ்ப் பங்குச் சனம் கப்பல் பார்க்க வந்தது. நான் என் செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு, அப்போதுதான் தளத்தைக் கழுவி முடித்திருந்தேன். முன்னால் வந்த அக்கா ஏணியடியில் நின்றுவிட்டார்.

“பிள்ளை, இப்பத்தானே கழுவினனி? செருப்போடை ஏறலாமோ?”

“பரவாயில்லை அக்கா, வாங்கோ.”

“சீச்சீ, பாவம்.”

அவர் கழற்றினார். மற்றவர்கள் காரணமே கேட்கவில்லை. பின்னால் நின்ற இத்தாலியர்கள் அதைச் சட்டம் என்று எண்ணிக்கொண்டார்கள். ஒரு கிழவர் முனகிக்கொண்டே சப்பாத்து நாடாவை அவிழ்த்தார். ஓட்டைக் காலுறைகளோடு ஆட்கள் பீரங்கிகளைப் பயபக்தியாகச் சுற்றிவந்தார்கள். ஒருத்தி சிலுவைகூடப் போட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மத்தியானம் பொறுப்பாளர் வந்து குனிந்து பார்த்தார். தளத்தில் ஒரு தூசி இல்லை. இனிமேல் எல்லோரும் கழற்றித்தான் ஏறவேண்டும் என்றார். அடுத்த மூச்சிலேயே, அப்படியென்றால் கழுவ ஆள் எதற்கு என்றார். என் சனமே என் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டதே!

அதற்குள் கரையில் சண்டை. ஒரே கறுப்புச் சப்பாத்தை இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். எனக்கோ மன்னாரில் கோயில் வாசலில் செருப்புக்குக் காவலிருந்து பழகிய கண். ஓடிப்போய், காலையில் யார் எதைக் கழற்றினார் என்று நினைவுபடுத்தி, ஐம்பது சோடியையும் உரியவரிடம் கொடுத்தேன். பொறுப்பாளர் மேலே நின்று எல்லாவற்றையும் பார்த்தார். மாலையில் கடிதம் தந்தார். வேலை: போர்க்கப்பல் காவலர். நிரந்தரம்.

புறப்படும்போதுதான் கண்டேன், கரையில் ஒன்றுமே மிச்சமில்லை. என் செருப்பை யாரோ மாட்டிக்கொண்டு போயிருந்தார்கள். நாங்கள் குடியிருந்த அல்பெர்கேரியாப் பகுதியின் சந்தைச் சேறு முழுவதும் மிதித்து வீட்டுக்கு வந்தேன். கணவர் கதவைத் திறந்தார்.

“செருப்பு எங்கையப்பா?”

“களவு போட்டுது.”

கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு என் காலைப் பார்த்தார்.

“இஞ்சை காவலர் எண்டெல்லோ கிடக்கு?”

“ஓம். செருப்புக்குத்தான் காவல்.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் வாசற்படியிலேயே குந்தியிருந்து, சேற்றுக் காலோடு, சந்தோஷத்தில் அழுதேன்.