கண்டிக்குச் சேர்த்த பெட்ரோல்

எங்கள் வீட்டு அடுப்பு ஒரு கிறிஸ்துமசுக்கு முன்னால் கொல்லைக்குப் போனது. அடுத்த ஆடிக் காற்று வரைக்கும் உள்ளே வரவில்லை. ஏன் வெளியே சமைக்கிறீர்கள் என்று கேட்டவர்களிடம் அம்மா, கண்டிக்குப் போகிறோம் என்று சொன்னாள். இலங்கையில் இருக்கிற கண்டிக்கும் பாளையம்பட்டியில் இருக்கிற அடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் விழித்தார்கள். கொஞ்ச நாள் அம்மா விளக்கிச் சொன்னாள். பிறகு அலுத்துப்போய், புகையை ஊதிக்கொண்டே சும்மா இருந்துவிட்டாள்.

கண்டிக்குப் போக வேண்டியவள் அத்தை, அப்பாவின் தங்கை. நான் பிறந்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை கண்டியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். ஊருக்கு வந்து, கோயிலில் பாதிரியார் முன்னால் தாலி கட்டி, மூன்று மாதம் எங்கள் வீட்டில் கோழியும் குழம்புமாகச் சாப்பிட்டுவிட்டு, பேப்பர்களைச் சரிசெய்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று கப்பல் ஏறினார். அந்தப் பேப்பர்களெல்லாம் சரியாவதற்குள் எனக்கு எட்டு வயதாகிவிட்டது. மாதம் ஒன்றாக வந்த கடுதாசி, பண்டிகைக்கு ஒன்று என்று ஆகி, பிறகு நின்றுபோனது. யாராவது விசாரித்தால் அத்தை, "அவுகளுக்கு அங்க சோலி அதிகம்" என்பாள். அதற்கு மேல் கேட்கிற தைரியம் எங்கள் தெருவில் யாருக்கும் இல்லை.

அத்தைக்கு இளையவர் சித்தப்பா. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாடகைக்குக் கார் ஓட்டினார். அந்தக் காலத்தில் காருக்கு எங்கள் பக்கத்தில் பிளசர் என்று பெயர். சித்தப்பாவுடைய பிளசர் பழைய அம்பாசடர். அதில் ஏறி இறங்கியவர்களுக்குத்தான் தெரியும், அதில் பிளசர் எவ்வளவு என்று. ஒரு சைக்கிள்கூட இல்லாத வீட்டில் பெண் எடுத்தோம் என்று கண்டி மாமா வீட்டார் கல்யாணத்தன்று பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்திருந்தது. அதை அவர் மறக்கவே இல்லை. பேப்பர்கள் ஒருவழியாகக் கைக்கு வந்ததும், அத்தையை ரயிலிலும் கப்பலிலுமாக அனுப்பிவிடலாமே என்று அப்பா சொன்னபோது சித்தப்பா பொறுக்கமாட்டாமல் எழுந்துவிட்டார்.

"எங்கக்காவ மூட்டை மாதிரி ரயில்ல ஏத்தி அனுப்ப மாட்டேன். என் பிளசர்ல கொண்டுபோய் அந்தக் கடை வாசல்லயே எறக்குவேன். அவுக பாக்கணும்."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பயண ஆலோசனை நடந்தது. சித்தப்பா என்னிடம் சாக்பீஸ் வாங்கி வீட்டுத் தரையில் சாலை போட்டார். திருச்சுழி, நரிக்குடி, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம். மண்டபத்தோடு சாலை முடிந்துவிடும். அங்கே காரைத் தூக்கி ரயில் வண்டியின் மேல் வைத்துப் பாம்பன் பாலத்தைத் தாண்டுவார்கள். ராமேஸ்வரத்தில் கப்பல். அக்கரையில் தலைமன்னார், அநுராதபுரம், மாத்தளை, கண்டி. சித்தப்பா மண்டபத்துக்கு அந்தப் பக்கம் போனதே கிடையாது. ஆனாலும் மாத்தளை மலைப்பாதையில் எந்த வளைவில் ஹார்ன் அடிக்க வேண்டும் என்பது வரைக்கும் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த வளைவில் சாய்ந்து பார்த்தேன். காலையில் பெருக்கும்போது அத்தை சாக்பீஸ் கோட்டை அழிக்காமல் சுற்றிப் பெருக்குவாள். கண்டி இருந்த மூலையில் மட்டும் குனிந்து வாயால் ஊதுவாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. எங்கேயோ அரபு தேசத்தில் சண்டை என்றார்கள். அதற்கும் எங்களுக்கும் என்ன பகை என்று தெரியவில்லை. விலை ஏறியது, பங்க்கில் கயிறு கட்டினார்கள், விடிவதற்கு முன்னாலேயே வண்டிகள் வரிசையில் நின்றன. வெயிலில் நின்று நின்று, ஜன்னலில் வைத்த சித்தப்பாவின் வலது கை மட்டும் கறுத்துப்போனது. இலங்கையில் இன்னும் மோசம் என்று கேள்விப்பட்டதால், போக வர வேண்டிய பெட்ரோலை இங்கேயே சேர்த்துவிடுவது என்று முடிவாயிற்று. திருகுமூடி போட்ட பெரிய தகர டின் ஒன்று வந்தது. சவாரிக்குக் கிடைத்ததில் மிச்சம் பிடித்து, சித்தப்பா அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். டின் சமையலறைக்குப் பக்கத்து அறையில் இருந்தது. அதனால் அடுப்பு கொல்லைக்குப் போனது.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவர் பயணம் போகிறார் என்றால் அவர் தனியாகப் போக முடியாது. தெருவே கூடப் போகும். இலங்கையில் சொந்தக்காரர் இருந்த எல்லோரும் கொடுத்தனுப்பப் பொட்டலங்களோடு வந்தார்கள். கருப்பட்டி, வற்றல், கருவாடு, பேரப்பிள்ளைக்குச் சட்டை, அண்ணனுக்குக் காரச்சேவு. பெட்ரோல் சேருவதற்கு முன்னால் சாமான் சேர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாதிரியார், கடல் தாண்டிப் பயணப்படும் நம் சகோதரிக்காக ஜெபித்தார். சபையார் கண்ணை மூடி ஆமென் சொன்னார்கள். முக்கால்வாசிப் பேர் தங்கள் பொட்டலத்தையும் சேர்த்தே நினைத்திருப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை திருச்சுழியில் ஆள் இறக்கிவிட்டுத் திரும்பியபோது நானும் சித்தப்பாவோடு இருந்தேன். வழியில் ஒருவர் கை காட்டினார். கண்டியை விட்டு வந்து, இலங்கையிலிருந்து திரும்புகிறவர்களைத் தங்கவைக்கிற மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, அருப்புக்கோட்டையில் தம்பி வீட்டுக்குப் போகிறவர். சித்தப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஜவுளிக்கடையின் அடையாளம் சொல்லி, மாமாவின் பெயரைச் சொல்லி, அவரைத் தெரியுமா என்று கேட்டார்.

"தெரியாமென்ன, எங்க கடைக்கு அடுத்த கடைதான. இப்பப் பெருசா எடுத்துக் கட்டிட்டாக. மூத்த பய பள்ளிக்கூடம் போறான். சின்னது கைப்பிள்ளை. அந்தம்மாவும் கடையில வந்து ஒக்காருவாக."

சித்தப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார். இஞ்சின் சூடாகிவிட்டது என்று சொல்லிவிட்டு இறங்கி, ஒரு புளியமரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். வந்தவர் என்னிடம் நீ யார் மகள் என்று கேட்டார். சொன்னேன். கண்டி மாமா எங்கள் அத்தை மாப்பிள்ளைதான் என்று பெருமையாகவும் சொன்னேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அருப்புக்கோட்டை வந்து சேருவதற்குள், மாமா கடையில் ஓர் அம்மா வேலை பார்க்கிறாள், அவளுக்கு இரண்டு பிள்ளைகள், கண்டிக்குப் போனால் விளையாட ஆள் இருக்கிறது என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

இறங்கும்போது சித்தப்பா சொன்னார். "வண்டில பேசுனத வீட்டுல பேசக்கூடாது. அது டிரைவருக்கு அழகில்ல." என்னையும் டிரைவர்களில் சேர்த்துக்கொண்டாரே என்ற சந்தோஷத்தில் நான் வாயே திறக்கவில்லை.

டின் அதற்குள் கழுத்து வரைக்கும் வந்திருந்தது. அடுத்த வாரமே சித்தப்பா புது யோசனை சொன்னார். நம் ஊர் வெயிலுக்குத் தகரம் சூடாகி வெடித்துவிடும், மண்பானைதான் குளிர்ச்சி என்றார். எங்கள் ஊரில் இதை மறுத்துப் பேச ஆள் கிடையாது. மழை பெய்யாத பூமியில் தண்ணீரைக் காப்பாற்றத் தெரிந்தவர்கள் நாங்கள். மணலைக் கொட்டி, பானையைப் பாதி புதைத்து, ஈரச்சாக்கைச் சுற்றிவிட்டால் தண்ணீர் எத்தனை நாளும் இருக்கும். பெட்ரோலும் அப்படித்தானே இருக்க வேண்டும்? பெட்ரோலைப் பற்றிச் சித்தப்பாவுக்குத் தெரியாததா? அப்பா தலையை ஆட்டினார். அத்தை புதுப்பானைகளைக் கழுவிக் காயவைத்து, மணலில் அவளே பதித்தாள். இனிமேல் இது அக்கா பொறுப்பு, வேறு யாரும் மூடியைத் திறக்கக்கூடாது என்று சித்தப்பா சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து வீடு முழுக்க நெடி. சோற்றில் பெட்ரோல், தலையணையில் பெட்ரோல், என் பள்ளிக்கூடப் பையில் பெட்ரோல். அம்மாவுக்குத் தலைவலி விடவில்லை. தூறல் விழுந்தால் முந்தானையை அடுப்புக்குப் பிடித்தபடி, "ஒரு வழியாப் போயித்தான் தொலைங்களேன். நான் அடுப்பத் தூக்கி உள்ள வைக்கணும்" என்பாள்.

கிறிஸ்துமஸ் போனது. ஈஸ்டருக்கு நிச்சயம் என்றார்கள், ஈஸ்டரும் போனது. சபையில் அசன விருந்து வந்தது. ஊர்ச்சோறு சாப்பிட வந்தவர்கள் எல்லாம், இன்னும் கிளம்பவில்லையா என்று கேட்டுவிட்டுச் சாப்பிட்டார்கள். காரச்சேவு நமுத்துப்போனது. கருப்பட்டி இளகிச் சட்டையில் ஒட்டியது. கருவாட்டைப் பூனை பார்த்துக்கொண்டது. பாதிரியார்கூட ஜெபத்தில் எங்களை மழைக்குப் பின்னால் தள்ளிவிட்டார். சித்தப்பா வரிசையில் நின்றுவிட்டு வந்து, வாங்கியதைப் பானையில் ஊற்றுவார். பிறகு கயிற்றுக்கட்டிலில் சாய்ந்துகொண்டு தினமும் ஒரே கேள்வி கேட்பார்.

"பெட்ரோலு எப்பிடிக்கா இருக்கு?"

"அப்பிடியே இருக்குப்பா" என்பாள் அத்தை.

ஒருநாள் மத்தியானம் அத்தை அந்த அறையில் இருந்தபோது நான் கதவிடுக்கில் பார்த்தேன். ஒவ்வொரு பானையாக மூடியைத் திறந்து, சாய்த்து, உள்ளே பார்த்தாள். கையை விட்டுத் தடவினாள். எடுத்த கை காய்ந்திருந்தது. பிறகு எல்லாவற்றையும் பழையபடி மூடி, சாக்கை நனைத்துப் பிழிந்து, பச்சைப்பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி சுற்றிவைத்தாள். அன்று சாயங்காலமும் அப்படியே இருக்கிறது என்றுதான் சொன்னாள். எனக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. கோடையில் குண்டாற்றில் தண்ணீர் எங்கே இருக்கிறது? மணலுக்குள் இருக்கிறது. தோண்டினால் ஊற்றாக வரும். பெட்ரோலும் மணலுக்குள் இறங்கிப் பத்திரமாக இருக்கிறது, கிளம்புகிற அன்றைக்குத் தோண்டி எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

ஆடிக் காற்றில் புழுதி பறந்துகொண்டிருந்த ஒரு நாள், சித்தப்பா சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். பங்க்கில் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்; இனி எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாம். அப்பாவுக்குச் சந்தோஷம். அப்படியானால் வருகிற வாரமே கிளம்பலாமே என்றார். சித்தப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். நாடே எந்தத் தட்டுப்பாட்டைத் திட்டியதோ அதை நம்பி ஒரு மனுஷர் இத்தனை மாதம் இருந்திருக்கிறார் என்பது அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு விளங்கவில்லை. வெயிலில் நின்ற அலுப்பு என்றுதான் நினைத்தேன்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார். 

அத்தை அவரைச் சொல்லவிடவில்லை. "ஒண்ணும் சொல்ல வேண்டாம்ப்பா. இத்தன நாளு வெயில்ல நின்னது போதும். நாளைக்கு ஒழுங்கா சவாரிக்குப் போ."

பிறகு அவள் அறைக்குள் போய்ப் பானைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து, கொல்லையில் வேலியோரம் கவிழ்த்தாள். எதிலிருந்தும் ஒன்றும் விழவில்லை. அப்பா வாயைத் திறந்தவர் சித்தப்பாவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அத்தை ஜன்னலையும் கதவையும் விரியத் திறந்து வைத்தாள். வீட்டுத் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். சாக்பீஸ் சாலை திருச்சுழியிலிருந்து கண்டி வரைக்கும் கரைந்து முற்றத்தில் ஓடியது. மறுநாள் காலையில் அம்மா எழுந்திருப்பதற்கு முன்னாலேயே அத்தை அடுப்பைத் தூக்கி உள்ளே வைத்துப் பற்றவைத்தாள். அம்மா வந்து அதைப் பார்த்தாள். எத்தனையோ நாளாக ஆசைப்பட்டது நடந்தபோது, அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். புகை என்று சொன்னாள்.

எனக்குக் கல்யாணமாகி, ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் வாங்கி வைக்கிற காலம் வந்த பிறகுதான், பெட்ரோலிலேயே பிழைத்த சித்தப்பா, கசிந்து ஆவியாகிவிடும் என்று தெரிந்தே அதை மண்பானையில் ஊற்றியிருக்கிறார் என்று உறைத்தது. போக முடியாது என்று சொல்ல வாய் வராத தம்பி அவர். கேட்க மனசு வராத அக்கா அவள்.

அடுப்பு உள்ளே வந்த அன்று மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போனேன். பானைகள் இருந்த இடத்தில் மணலைத் தோண்டினேன். முழங்கை ஆழம் போனேன். தரை தட்டியது. பக்கத்தில் இன்னொரு குழி எடுத்தேன். குண்டாற்றில் உடனே ஊறாது, கொஞ்சம் பொறுக்க வேண்டும். அதனால் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தை வந்து வாசலில் நின்றாள்.

"என்னம்மா பண்ற?"

"பெட்ரோலு ஊறும் அத்தை. கண்டிக்குப் போவோம்ல?"

அத்தை உள்ளே வந்து என் கையைப் பிடித்துத் தூக்கி, ஒட்டியிருந்த மணலைத் தன் சேலையால் தட்டிவிட்டாள். சோறு ஆறிப்போகும், கை கழுவிவிட்டு வா என்றாள். நான் திரும்பித் திரும்பிக் குழியைப் பார்த்துக்கொண்டே போனேன். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் ஊறிவிடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த வீட்டில் அப்படி நம்பிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான் என்பது எனக்குத் தெரியாது.