அவள் வருவதற்குள் ஒரு போன்

போன வருடம் ஆடி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான் ஓடியது. போன் வாங்கலாமா, பொறுக்கலாமா. இதற்குப் போய் ஒரு மாதமா என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டில் இரண்டு நாள் இருந்து பார்க்க வேண்டும். சுவர்க் கடிகாரத்துக்குப் பேட்டரி மாற்றுவதற்கே மூன்று நாள் ஆலோசனை நடத்துகிற குடும்பம்.

என் பழைய போனுக்கு அப்போது ஐந்து வயது. லஸ் கார்னரில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது கை தவறி விழுந்ததில், கேமராவின் மேலிருந்த கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. அதற்குப் பிறகு யாரைப் படம் எடுத்தாலும் மார்கழிப் பனியில் நிற்பதுபோலத்தான் வந்தார்கள். போதாததற்கு, இரண்டு படம் எடுத்தால் மூன்றாவதற்கு இடமில்லை என்று சொல்லிவிடும். பேசுவதற்கும் கீரைக்காரம்மாவுக்குப் பணம் அனுப்புவதற்கும் இது போதும் என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். மயிலாப்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில், ரிப்போர்ட் கொடுக்கும் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவளுக்கு எதற்குப் பெரிய கேமரா?

ஆனால் அவள் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

அவள் என் தோழி. மந்தைவெளியில் அடுத்தடுத்த தெருவில் வளர்ந்தோம். பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம் ஒன்றாகத்தான். ரங்கநாதன் தெருவுக்குப் போனால் கூட்டத்தில் தொலைந்துவிடுவோம் என்று பயந்து என் துப்பட்டாவின் முனையைப் பிடித்துக்கொண்டே வருவாள். நான் திரும்பிப் பார்க்காமலே பேசிக்கொண்டு போவேன். பின்னால் இழுபடுகிற துணியே அவள் இருக்கிறாள் என்று சொல்லிவிடும். கல்யாணமாகி அமெரிக்கா போய் இருபது வருடம் ஆகிவிட்டது.

நானும் அவளும் மட்டும் இருக்கிற ஒரு போட்டோ எங்களிடம் இல்லை. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். என் கல்யாண வரவேற்பில் அவள் வாசலில் பன்னீர்ச் சொம்போடு நின்றாள். வருகிறவர்களுக்கெல்லாம் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, கல்கண்டு கொடுத்து, அவள் மேடைக்கு வந்தபோது போட்டோக்காரர் சாப்பிடப் போயிருந்தார். என் ஆல்பத்தில் அவளுடைய முழங்கை மட்டும் ஒரு பக்கத்தில் இருக்கிறது. அவளுடைய கல்யாணம் திருநெல்வேலியில் நடந்தது. எனக்குப் பிரசவமாகிப் பதினைந்தாவது நாள், போக முடியவில்லை. அதன் பிறகு இரண்டு முறை வந்தாள். ஒரு முறை அவள் அப்பா போனதற்கு, இன்னொரு முறை அம்மா போனதற்கு. சாவு வீட்டில் யார் போட்டோ எடுத்துக்கொள்வார்கள்?

இப்போது மந்தைவெளி வீட்டை விற்க வருகிறாள். வீடு போய்விட்டால் அவள் இந்த ஊருக்கு வருவதற்கான காரணமும் போய்விடும். அதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பத்திரம் முடிந்த கையோடு பழைய தோழிகள் நாலு பேரும் வேன் வைத்துக்கொண்டு தரங்கம்பாடி போய் ஓர் இரவு தங்கிவிட்டு வரலாம் என்று முடிவாயிற்று. எனக்கு அந்தப் பயணத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவளும் நானும் சேர்ந்து ஒரு படம்.

என் கணவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. போன் மாற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

"ஆடியில யாராவது போன் வாங்குவாங்களா? ஆவணி பொறக்கட்டும். அப்புறம் பாத்தா தீபாவளி ஆஃபரே வந்துடும்" என்றார்.

"அவ தீபாவளிக்கு இங்க இருக்க மாட்டாளே."

"அதுக்கென்ன, அவ போன்ல எடுத்துக்கோ. அமெரிக்காக்காரி, பெரிய போனா வெச்சிருப்பா."

அவள் போனில் எடுத்தால் அவளைக் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும். கடைசியாக ஊறுகாய் செய்முறை அனுப்புகிறேன் என்று சொல்லி எட்டு மாதம் ஆகிறது. கல்லூரியில் படிக்கும் என் மகளோ வேறு கணக்குப் போட்டாள். "ரெண்டு மாசத்துல புது மாடல் வருதும்மா. இப்ப இருக்கறது விலை எறங்கிடும். இப்ப வாங்கறவங்கதான் ஏமாளி." சரி, உன் போனை இரண்டு நாள் கொடு என்றேன். கிட்னியைக் கேட்டிருந்தால்கூட யோசித்திருப்பாள்.

அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எரிச்சல். பொறுத்தால் நல்ல போன், குறைந்த விலைக்குக் கிடைக்கும். போன் பொறுக்கும். இருபது வருடம் பொறுத்த நான் இன்னும் மூன்று மாதம் பொறுக்க முடியாதவளா என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். எதற்குப் பொறுப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

லேப் முடிந்ததும் பஸ் பிடித்து பாண்டி பஜாருக்குப் போவேன். ஒரு கடையில் நுழைந்து, ஒரே போனை எடுத்துப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிடுவேன். நான்காவது முறை போனபோது, தலை நரைத்த அந்த விற்பனையாளர் சிரித்துவிட்டார்.

"இன்னா மேடம், ரெண்டு வாரமா வந்து வந்து பாத்துக்கினு போறீங்க. போனு எங்கனா ஓடிடப் போவுதா?"

"புது மாடல் வருதாமே. விலை குறையுமாமே."

"புதுசு வந்துக்கினேதான் மேடம் கீது. நீங்க இன்னாத்துக்கு வாங்குறீங்க, அத்த சொல்லுங்க."

"ரெண்டு பேர் சேந்து நின்னா நல்லா வருமா?"

"சூப்பரா வரும். யாரு, சாரும் நீங்களுமா?"

"இல்ல" என்றேன். ஏனோ முகம் சூடாகிவிட்டது. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றைக்கே வாங்கிவிட்டேன்.

வெளியே வந்தால் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். மாம்பலம் ஸ்டேஷன் வரைக்கும் தலைதான் தெரிந்தது. போன் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இடிபட்டு நடந்தேன். பின்னாலிருந்து துப்பட்டாவை யாரும் இழுக்கவில்லை. அவளை அப்போது அவ்வளவு தேடியது எனக்கு. வீட்டில் திட்டு விழும் என்று நினைத்தேன். கணவர் பெட்டியை வாங்கி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் வைத்தார். ஆடியில் வாங்கியதற்கு அவர் அளவில் அது பரிகாரம்.

அவள் வந்தாள். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள், முடியை வெட்டியிருந்தாள். பத்திரம் முடிந்த மறுநாள் விடியற்காலையில் வேன் கிளம்பியது. ஆழ்வார்பேட்டையில் ஒருத்தி ஏறினாள், அடையாறில் ஒருத்தி. அடையாறுக்காரி ஏறியதும் என் கையைப் பார்த்துவிட்டாள்.

"அடியே, புது போனா! அப்ப நீதான்டி நமக்கு போட்டோகிராபர்."

மற்ற இரண்டு பேரும் கை தட்டினார்கள். அமெரிக்காக்காரி தன் போனை எடுத்துக் காட்டினாள். என் பழைய போனைவிடப் பழசு, மூலையில் செலோடேப் வேறு ஒட்டியிருந்தது. "ஓடற வரைக்கும் ஓடட்டும்னு வெச்சிருக்கேன்டி. நீயே எடு. உன் கைதான் ஆடாது" என்றாள்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான் சிக்கியது எனக்கே தெரியவில்லை. டிபன் சாப்பிட்ட இடத்தில் எடுத்தேன், கோட்டை வாசலில் எடுத்தேன், மூன்று பேரும் பீரங்கிமேல் சாய்ந்துகொண்டு சிரிப்பதை எடுத்தேன். "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று அவர்கள் சொல்லச் சொல்ல நான் பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். ஒரு முறை வேன் டிரைவர் இரக்கப்பட்டு, "குடுங்கம்மா, நீங்களும் போய் நில்லுங்க, நான் எடுக்கறேன்" என்றார். எந்த இடத்தில் தொட வேண்டும் என்று அவருக்குக் காட்டிவிட்டு நான் ஓடுவதற்குள் அவர்கள் வரிசையாக நின்றுவிட்டார்கள். இந்தக் கோடியில் அவள். அந்தக் கோடியில்தான் இடம் இருந்தது.

வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். வாடி, நாம ரெண்டு பேரும் ஒண்ணு எடுத்துக்கலாம். அவ்வளவுதான் வேண்டும். லேப் கவுண்டரில் ஒரு நாளைக்கு நூறு பேரைப் பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிடுகிறவள் நான். ஆனால் எனக்கு அவள் சொல்ல வேண்டும். இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தது நான் மட்டும்தானா, அவளும்தானா என்று தெரிய வேண்டும். நான் கேட்டு அவள் வந்து நின்றால் அது எப்படித் தெரியும்? இந்த வீம்பு என் கூடவே பிறந்தது.

மறுநாள் காலையில் மற்ற இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் கடற்கரைக்குப் போனோம். கடல் அமைதியாக இருந்தது, சூரியன் அப்போதுதான் மேலே வந்திருந்தது. அவள் ஒரு கல்லில் உட்கார்ந்து புடவையை முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் சமையலறை அலமாரியைக் காலி செய்தபோது கடுகு டப்பாவைத் திறக்க முடியாமல் அப்படியே வைத்துவிட்டு வந்ததைச் சொன்னாள். சொல்லும்போது அழவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. நான் அவளைப் படம் எடுத்தேன். எடுத்துக்கொண்டே இருந்தேன். போனைத் திருப்பிப் பிடித்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். இப்போது சொல்லுவாள், இப்போது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஒரு முறை என் கையிலிருந்த போனையும் என்னையும் பார்த்தாள். அப்புறம் எழுந்து மணலைத் தட்டினாள்.

"வெயில் ஏறுது. போலாமாடி?"

போகலாம் என்றேன். வழி முழுக்க எனக்கு அவள்மேல் கோபம். இன்ன காரணம் என்று சொல்ல முடியாத கோபம். வேனில் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் வந்தேன்.

அவளை மந்தைவெளியில் அவள் தங்கியிருந்த சொந்தக்காரர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது என்னைக் கட்டிக்கொண்டாள். "எல்லாப் படத்தையும் அனுப்புடி, மறந்துடாத" என்றாள். ஊறுகாய் செய்முறையை எட்டு மாதமாக அனுப்பாதவள் எனக்குச் சொல்கிறாள்! அன்று சாயங்காலமே உட்கார்ந்து எல்லாவற்றையும் அனுப்பினேன். இருநூறுக்கு மேல் இருந்தது. நல்ல போன்தான். அவள் மூக்குத்தியின் கல்கூடத் தெளிவாக விழுந்திருந்தது. கண்ணோரத்தில் புதிதாக வந்த சுருக்கங்களும் விழுந்திருந்தன.

இரண்டு நாள் கழித்துக் காலை விமானத்தில் கிளம்பினாள். நான் வழியனுப்பப் போகவில்லை, லேபில் விடுமுறை தீர்ந்துபோயிருந்தது. காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களின் கூட்டம் முடிந்து, பதினொரு மணிக்குத்தான் போனைப் பார்த்தேன். அவளிடமிருந்து ஒரு மெசேஜ், ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வந்தது.

"எல்லாப் படமும் பாத்துட்டேன். நாம ரெண்டு பேரும் இருக்கறது ஒண்ணுகூட இல்லையேடி. பீச்சுல எவ்ளோ நேரம் உக்காந்திருந்தேன். போன் உன் கையிலதான இருந்தது, நீயா கூப்பிடுவேன்னு பாத்தேன். நான் கேட்டு நீ வந்தா அது என்ன."

கவுண்டருக்கு வெளியே யாரோ ரிப்போர்ட் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காதில் விழவே இல்லை. அதை மூன்று முறை படித்தேன். பிறகு, "நீ கூப்பிடுவேன்னுதான் நானும் பாத்தேன்டி. திரும்ப வா" என்று எழுதி அனுப்பினேன்.

ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது டிக் விழவில்லை. அவள் போனை அணைத்துவிட்டிருந்தாள்.