நான்காவது ஆள்

ஒரு மனிதரை எங்கள் அணியிலிருந்து விரட்டியவன் நான். கத்தி விரட்டவில்லை. கெட்ட வார்த்தை சொல்லி விரட்டவில்லை. 'அண்ணே' என்று மரியாதையாக அழைத்து, ஒரு பொய்யைச் சொல்லி விரட்டினேன்.

இதைத் தெரிந்துகொள்ள வேண்டியவள் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் சொல்ல எனக்கு வழியில்லை. ஏன் இல்லை என்பது போகப்போக உங்களுக்கே விளங்கும். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்...

கைப்பேசியில் ஆடும் விளையாட்டு அணி அது. சிரிக்கிறீர்களா? நாற்பதைத் தாண்டிய லோரி ஓட்டுநருக்கு விளையாட்டு எதற்கு என்று நினைக்கிறீர்களா? என் அக்காவும் அதைத்தான் கேட்டாள்.

கோலா கெத்தில் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி என்னுடையது. கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டில் ஓர் அறையில் இருக்கிறேன். மழைக்கால மண்சாலை ஒன்றில் லோரியிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டேன். மாவுக்கட்டோடு மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தேன். காலையில் எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள். சுவரும் மின்விசிறியும் நானும்தான் மிச்சம். பொழுது போகட்டும் என்று அக்கா மகள் அந்த விளையாட்டை என் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தாள்.

நான்கு பேர் ஓர் அணி. ஒரு தீவில் குதிக்க வேண்டும், ஆயுதம் பொறுக்க வேண்டும், மற்ற அணிகள் சுட்டுத் தள்ளாமல் கடைசிவரை உயிரோடு இருக்க வேண்டும். காதில் மாட்டிக்கொண்டால் நம் அணியினர் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கும்.

எனக்குக் கேட்டதெல்லாம் ஏச்சுத்தான். முகம் தெரியாத பையன்களோடு சேர்த்துவிடும் அந்த விளையாட்டு. என் குரலைக் கேட்டதுமே அவர்களுக்கு வயது தெரிந்துவிடும். "ஓய் பாக்சீக், போடோவா? போய்த் தூங்கு லா" என்பான் ஒருவன். கிழவா, முட்டாளா என்று அர்த்தம். இன்னொருவன் பேசவே மாட்டான், நேராக அணியிலிருந்து தூக்கிவிடுவான். 'நீங்கள் நீக்கப்பட்டீர்கள்' என்ற வரி திரையில் வரும். பட்டப்பகலில், ஆளில்லாத வீட்டில், மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருப்பேன். முகம் தெரியாதவன் வேண்டாம் என்று சொன்னாலும் வலிக்கத்தான் செய்கிறது. அது எனக்கு அப்போதே நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும்...

ஒரு பிற்பகல், அப்படி ஓர் அணியில் விழுந்தேன். ஒரு வீட்டுக்குள் புகுந்துவிட்டேன், கதவைத் திறக்கத் தெரியவில்லை. வெளியே துப்பாக்கிச் சத்தம். "ஐயோ கடவுளே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, நீங்க தமிழா?" ஒரு பெண் குரல். "பதறாதீங்க. உள்ளேயே இருங்க. நாங்க வர்றோம்."

வந்தார்கள். அவளும் இன்னொருவனும். என்னைக் காப்பாற்ற வந்து இருவருமே சுடப்பட்டு விழுந்தார்கள். இப்போது ஏசுவார்கள் என்று காத்திருந்தேன். அந்த இன்னொருவன் சிரித்தான். "செத்தா என்னாண்ணே, இன்னொரு தடவ பொறந்துக்கலாம் லா."

அவன் கணேஷ், சுங்கைப் பட்டாணியில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவன். அவள் நஸ்ரின். செர்டாங்கில் தன் அத்தாவின், அதாவது அப்பாவின், சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் இருப்பவள். மதியக் கூட்டம் ஓய்ந்ததும் கைப்பேசியை எடுப்பாள். அவள் அணியில் ஒரே ஒரு கட்டுப்பாடுதான்... யாரும் யாரையும் ஏசக் கூடாது.

ஏனென்று ஒருநாள் கேட்டேன். "ஏசுறதுக்கு வெளிய எவ்வளவோ பேரு இருக்காங்கண்ணே. இங்கயுமா?" என்றாள்.

எனக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். காலடிச் சத்தத்தை எப்படிக் கேட்பது, எப்போது ஒளிவது, எப்போது ஓடுவது. ஒரே தவறை நான் திரும்பத் திரும்பச் செய்தாலும் அவள் குரல் மாறாது. கால் ஆறி மறுபடி லோரி ஏறினேன். ஆலை வாசலில் குலை இறக்க வரிசையில் காத்திருக்கும் நேரமெல்லாம் அவர்களோடுதான். ஒருநாள் கடைசிவரை நின்றது நாங்கள்தான். "சூப்பரா ஆடுனீங்கண்ணே" என்றாள். உங்களை யாராவது கடைசியாக எப்போது அப்படிச் சொன்னார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

நான்காவது இடத்துக்கு யார் யாரோ வந்து போனார்கள். பிறகு ஒருநாள் நஸ்ரின் சொன்னாள்: "புதுசா ஒருத்தரச் சேர்க்குறேன். மைக் இல்ல, பேச மாட்டாரு. கொஞ்சம் மெதுவாத்தான் ஆடுவாரு. பாத்துக்குங்க."

'பெலான் பெலான்' என்பது அவர் வைத்துக்கொண்ட பெயர். மலாய்க்காரர்கள் 'மெதுவா, மெதுவா' என்பதற்குச் சொல்வது. பெயருக்கு ஏற்ற ஆள்தான். நாங்கள் ஒரு மேட்டைத் தாண்டிய பிறகு அவர் அடிவாரத்தில் இருப்பார். சுட வேண்டிய நேரத்தில் குதிப்பார். ஏதாவது எழுதினால் அது வந்து சேர வெகுநேரம் ஆகும், பாதி எழுத்து தப்பாக இருக்கும்.

ஆனால் அந்த மனிதருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கிடைக்கும் மருந்துப் பெட்டிகளையெல்லாம் கொண்டுவந்து என் காலடியில் போடுவார். தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார். ஒருமுறை நான் அடிபட்டு வெட்டவெளியில் விழுந்து கிடந்தேன். யாரும் நெருங்க முடியாத இடம். அவர் மட்டும் நடந்து வந்தார். ஓடக்கூட இல்லை, நடந்து... என்னைத் தொடுவதற்குள் சுட்டுவிட்டார்கள். என் பக்கத்தில் விழுந்தார்.

நெஞ்சு இளகியிருக்க வேண்டாமா எனக்கு? எரிச்சல்தான் வந்தது.

தோற்றுக்கொண்டே இருந்தோம். ஆனால் உண்மையைச் சொல்ல உட்கார்ந்தபின் பாதி உண்மை எதற்கு? தோல்வி எனக்குப் பெரிதாகப் படவில்லை. நஸ்ரினின் குரல்தான் என்னை அறுத்தது. "பதறாதீங்க, அங்கேயே இருங்க, நாங்க வர்றோம்." அதே சொற்கள், இப்போது அவருக்கு. என்னிடம் பேசியதைவிட இன்னும் கனிவாக. அந்தக் கனிவு எனக்கென்று கிடைத்தது என்று எண்ணியிருந்தேன். வேறு ஒருவருக்கும் அது கிடைத்தபோது என் தட்டிலிருந்து எடுத்துவிட்டாற்போல் இருந்தது. பொறாமை... வேறு பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஆலை வாசலில் லோரி நின்றுகொண்டிருந்தது. நல்ல வெயில். அவருக்கு மட்டும் போகும்படி எழுதினேன்.

'அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. உங்களால எல்லாரும் தோத்துக்கிட்டே இருக்கோம். நஸ்ரின் ரொம்ப சலிச்சுப் போயிட்டா. உங்ககிட்ட நேரா சொல்ல மனசில்லாம என்னைச் சொல்லச் சொன்னா. வேற டீம் பாத்துக்குங்க.'

நஸ்ரின் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கணேஷும் சொன்னதில்லை. என் சொல்லுக்கு வலு போதாது என்று அவள் பெயரை எடுத்துக்கொண்டேன்.

பதில் வர வெகுநேரமானது. 'சரி தம்பி. சொன்னதுக்கு நன்றி. நான் அவகிட்ட ஒண்ணும் கேக்க மாட்டேன். நீங்களும் சொல்லிக்க வேணாம்.'

பின்னால் நின்ற லோரிக்காரன் ஹார்ன் அடித்தான். நான் வண்டியை நகர்த்தினேன்.

மறுநாள் நஸ்ரின் குரலில் உயிரே இல்லை. "பெலான் இனிமே வர மாட்டாராம்ணே. கண்ணு வலிக்குதாம்." 'பாவம்' என்று சொன்னேன். ஆமாம், அந்தச் சொல்லையும் சொன்னேன்!

அந்த ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு நஸ்ரின் எங்கள் இருவரையும் கடைக்கு அழைத்தாள். கணேஷும் நானும் சேர்ந்து செர்டாங் போனோம். வியாபாரம் இல்லை, விருந்தினருக்கு மட்டும் மேசை போட்டிருந்தார்கள். அவ்வளவு நாள் காதுக்குள் இருந்த குரலுக்கு முகம் வந்து எதிரே நின்றபோது ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டோம். பிறகு மூவரும் சிரித்துவிட்டோம்.

"அத்தா, இங்க வாங்க. லோரி அண்ணன் வந்திருக்காரு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் வெளியே வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது கூட இருக்கும். வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். வலக்கை வயிற்றோடு ஒட்டியிருந்தது, விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன. எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தேநீர் எடுக்கப் போனார்.

நஸ்ரின் குரலைத் தாழ்த்தினாள். "ஸ்ட்ரோக் வந்து படுத்துட்டாருண்ணே. விரலுக்கு வேலை குடுங்கன்னு டாக்டர் சொன்னாங்க. எதுவும் செய்ய மாட்டேன்னுட்டாரு. அதான் கேம்ல சேத்தேன். பெலான் பெலான்னு வந்தாரே... அத்தாதான். பேச்சு குழறுதுன்னு வெக்கப்பட்டாரு, அதான் மைக் இல்லன்னு சொன்னேன். ஒன் அப்பன்னு சொன்னா எல்லாரும் பரிதாபப்படுவாங்க, சொல்லாதேன்னாரு."

கணேஷ் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெரலு நல்லா நிமிந்துக்கிட்டு வந்துச்சு. திடீர்னு விட்டுட்டாரு. அப்புறம் மறுபடி மடங்கிடுச்சு."

அதற்குள் அவர் தேநீரோடு வந்துவிட்டார். என் முன்னால் குவளையை வைத்தார்.

"தம்பிதான் லோரியா?"

"ஆமாங்க ஐயா."

என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "எடது கையால வைக்கிறேன் தம்பி. தப்பா நெனைக்காதீங்க" என்றார்.

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவர் பின்கட்டுக்குப் போனதும் எழுந்து பின்னாலேயே போனேன். குழாயடியில் ஒற்றைக் கையால் குவளை கழுவிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நஸ்ரின் என்னைச் சொல்லச் சொல்லல. நானாத்தான் எழுதினேன். அவ சலிச்சுக்கவே இல்ல. எல்லாம் பொய்யி."

கழுவிய குவளையைக் கவிழ்த்து வைத்தார். சொற்கள் அவருக்கு மெல்லத்தான் வந்தன. "என்னப் பாத்ததும் மனசு கேக்கல உங்களுக்கு. ஆறுதலுக்குச் சொல்றீங்க."

"இல்லைங்க ஐயா. சத்தியமா."

"காலையில எனக்குச் சட்ட மாட்டி விடுறா. கடையப் பாக்குறா. அவ கொஞ்சநேரம் சந்தோசமா இருக்குற எடம் அது ஒண்ணுதான். அங்கயும் அப்பனத் தூக்கிக்கிட்டு ஓடணுமா? அவ சலிச்சதுல தப்பில்ல தம்பி."

எப்படியெல்லாமோ சொல்லிப் பார்த்தேன். என் பொறாமையைக்கூடச் சொன்னேன். அவர் நம்பவில்லை. நான் முதலில் எழுதிய பொய்யை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பியவர், உண்மையை நம்ப மறுத்துவிட்டார். நல்லது சொன்னால் ஆறுதல் என்று எடுத்துக்கொள்கிற நிலைக்கு அந்த மனிதரைக் கொண்டுவந்தது யார்? நோயா, நானா?

"அவகிட்ட சொல்லிறாதீங்க. கேட்டா அழுவா, எனக்காக மறுபடி கூப்புடுவா. எனக்கு அது வேணாம்." தன் ஈரக் கையை நீட்டினார். "சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுங்க."

கொடுத்தேன்... அந்தக் கையைப் பிடித்து, வாக்குக் கொடுத்தேன். சரியா தவறா? இப்போதும் எனக்குத் தெரியவில்லை. சொன்னால் மகள் என்னை வெறுப்பாள், ஆனால் அப்பனுக்கு உண்மை தெரியவந்தாலும் வரலாம். சொல்லாவிட்டால் அவர் கேட்டது நடக்கும், அதோடு என் இடமும் பத்திரம். அந்தக் கடைசிக் காரணம் என் காதில் இரகசியமாக ஒலித்ததா, இல்லையா? ஒலித்தது.

செர்டாங் பக்கம் போனால் அந்தக் கடையில்தான் சாப்பிடுகிறேன். அவர் என் எதிரே வந்து உட்காருவார். மழை, சாலை, குலை விலை என்று பேசுவோம். விளையாட்டை மட்டும் பேசுவதில்லை. மீன்குழம்பில் எனக்கென்று ஒரு துண்டு கூட வைக்கச் சொல்வார். நான் விழுங்குகிறேன்.

போன வாரம் ஆட்டம் தொடங்குமுன் கணேஷ் இன்னும் வந்து சேரவில்லை. நஸ்ரினும் நானும் மட்டும் காத்திருந்தோம்.

"அண்ணே, ஒண்ணு கேக்கவா? அத்தா உங்ககிட்ட நல்லா பேசுறாரு. ஏன் கேம விட்டாருன்னு எதாச்சும் சொன்னாரா? நான் எதாச்சும் தப்பா பேசிட்டேனா, மனசுல வச்சிருக்காரான்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன்."

சொல்லிவிட வாயெடுத்தேன். அந்த ஈரக் கை ஞாபகத்துக்கு வந்தது. அது மட்டும்தான் என்னைத் தடுத்தது என்று உங்களிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது. இல்லை.

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன்.

"சரிண்ணே. உங்ககூட பேசுனா அவருக்கு நல்லா இருக்கு. அடிக்கடி வாங்கண்ணே" என்றாள்.

கணேஷ் வந்து சேர்ந்தான். தீவு கீழே தெரிந்தது. "எறங்கலாமா?" என்று கேட்டுவிட்டு அவள் குதித்தாள். அவளுக்குப் பின்னாலேயே நானும் குதித்தேன்.